மஞ்சள் எண் ஒட்டிய கதவு

பிறர் பேசுவதைக் கேட்டு எழுத வேண்டும் என்பதற்காக ஊர் ஊராய்ப் போயிருக்கிறேன். ஏற்கெனவே பேசி முடித்து, பதிவு செய்து வைத்ததைக் கேட்பதற்காக ஒரு நாட்டுக்கே போனது இதுதான் முதல் தடவை.

அழைத்தவர் தர்ஷினி. நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த மலையகத் தமிழர். பேராதனையில் ஒரு சிறு ஆய்வுக் குழுவை நடத்துகிறார். வாக்காளர்கள் ஓர் அபிப்பிராயத்துக்கு எப்படி வந்து சேர்கிறார்கள், பிறகு அதை எதனால் மாற்றிக்கொள்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய ஆய்வு. தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்குப் போய்ப் பேசி, பேச்சைப் பதிவு செய்திருந்தார்கள். கேள்விகளின் தமிழ் ஆட்களை ஒரு பக்கமாகத் தள்ளுகிறதா என்று, உள்ளூரோடு சம்பந்தமில்லாத ஒரு காது கேட்டுச் சொல்ல வேண்டும். மதுரையில் ஒரு நாளிதழில் முப்பது ஆண்டு இருந்தவன், அதில் பெரும்பகுதி தேர்தல் பக்கங்களைப் பார்த்தவன் என்பதால் ஒரு நண்பர் என்னைக் கைகாட்டிவிட்டிருந்தார்.

என் தகுதி பற்றி எனக்கே சந்தேகம் இருந்தது. 'மக்கள் மனம் மாறியது ஏன்?' என்று எத்தனையோ கட்டுரைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வருவதற்கு முன்பே இரண்டு விதமாகவும் எழுதி வாங்கி வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு ஏற்றது மறுநாள் போகும். மற்றது குப்பைக்குப் போகும். இரண்டிலும் காரணங்கள் ஒரே அளவுக்கு நம்பும்படியாக இருக்கும்.

கண்டியில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் கிளம்பும்வரை அது நிற்கவில்லை. மதுரைக்காரனுக்கு மழை ஒரு செய்தி. முதல் பக்கத்தில் படம் போடுவோம். இங்கே அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. குளக்கரையில் பள்ளிப் பிள்ளைகள் மூவருக்கு ஒரு குடையாகப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் போனார்கள்.

பசித்தது. கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்குள் உட்கார்ந்தேன். நான் எதையும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வந்தது: பணிஸ் என்று இவர்கள் சொல்லும் மீன் பன், ரோல்ஸ், முக்கோணமாய் மடித்த ரொட்டி, வடை. இவ்வளவு வேண்டாம் என்றேன். கொண்டுவந்தவர் சிரித்தார். வேண்டியதைத் தின்னலாம், தொடாததைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். நான் ஒரு பணிஸ் தின்றேன். மீதித் தட்டு அப்படியே அடுத்த மேசைக்குப் போனது. அங்கே இருந்தவரும் பணிஸைத்தான் எடுத்தார். இந்த ஊர்க்காரர்களுக்குப் பணிஸ்தான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். தட்டில் பணிஸ் இருந்தது விளிம்பில், கைக்குப் பக்கத்தில்.

பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் சிங்களத்தில் பேசிச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற தமிழ்த் தாதி ஒருவர், ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறவர், எனக்காக மெதுவாக மொழிபெயர்த்தார்.

"போன தடவை யாருக்குப் போட்டாய் என்று என் மகனைக் கேட்டேன். ஜெயித்தவருக்கு என்றான்."

"அவர் ஜெயிப்பார் என்று எப்படித் தெரியுமாம்?"

"எல்லோரும் சொன்னார்களாம்."

"எல்லோரும் என்றால் யார்?"

"நானும்தான் சொன்னேனாம்!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் தாங்கள் யாருக்குப் போட்டோம் என்பதை இருவரும் கடைசிவரை சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. தர்ஷினியின் அலுவலகம் ரயில் சந்திக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி. மூன்று மேசை, இரண்டு அலுமாரி, ஈரத்தில் உப்பிப்போன ஒரு கதவு. ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். அங்கே குகன் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதிருக்கும். வீடு வீடாகப் போய்ப் பேசுகிற களவேலை முழுவதும் அவர் பொறுப்பு.

"அண்ணை, உங்கட நாட்டிலை வாக்கு எண்ணுறதுக்கு முன்னமே தலைப்புப் போடுவினமாம், உண்மையோ?" என்றார் முதல் வார்த்தையாக.

"எண்ணுவதற்கு முன் இரண்டு தலைப்பு. எண்ணிய பிறகு ஒன்று" என்றேன்.

"அப்ப நீங்கள் எங்களை விடக் கெட்டிக்காரர்தான்."

ஆய்வு முறையை அவர்தான் விளக்கினார். தோட்டங்களில் தொழிற்சங்கம் கைகாட்டுகிறவருக்கு வாக்குப் போடுவது பல தலைமுறைப் பழக்கம். சங்கம் சொன்னாலும் தானாக யோசித்து வேறொருவருக்குப் போடுவது சரியா, இல்லையா? இதுதான் கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பதில் சொல்வதற்காக ஓர் அட்டை. அதில் ஏணி ஒன்று வரைந்திருந்தது. கீழ்ப்படி என்றால் கொஞ்சமும் சரியில்லை. மேல்படி என்றால் முழுக்கச் சரி. விரலை வைத்துக் காட்டினால் போதும். முதலில் ஒரு தடவை காட்டச் சொல்வார்கள். பிறகு, அவர்கள் வாழ்க்கையில் தாமே எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லச் சொல்லிப் பொறுமையாகக் கேட்பார்கள். திரும்ப ஏணி. மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், கழித்து அதே வீட்டுக்குப் போய், அதே ஆளிடம் மறுபடியும் ஏணி.

"முகத்திலை ஒண்டும் காட்டக் கூடாது. அதுதான் எங்கட ஆக்களுக்கு முதல் பாடம். நாங்கள் ஒருக்கால் தலையாட்டினாலே சனம் மாறிப்போகும்" என்றார் குகன்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தோட்டத்து வீடுகள் லயங்கள்: ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பரா எனப்படும் ஒற்றை அறைகள். எதற்கும் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து வாய்வழியாகப் போய்ச் சேரும். திரும்பி வரும்போது வீட்டை எப்படி அடையாளம் காண்பது? அதற்காக, பேசிய வீட்டின் கதவில் மட்டும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், அதில் ஓர் எண். மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று குலுக்கிப் போட்டதுபோல் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏற்பாடு சுத்தமாக இருந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

தர்ஷினி கணினியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு கீழிருந்து மேலே போனது. பேசிய பிறகு விரல்கள் மேலே ஏறியிருந்தன. முதல் தொகுதி வீடுகளில் மூன்று கிழமை கழித்துக் கேட்டபோதும் இறங்கவில்லை. "பொறுமையாக் கேட்டா போதும் அண்ணே, ஆளுங்க தாங்களே யோசிக்க ஆரம்பிக்கிறாங்க" என்றார். அந்த முகத்தை நான் குறித்துக்கொண்டேன். நெடுநாள் நம்பியது கண்முன் மெய்யாகும்போது ஒருவருக்கு வருகிற முகம்.

காதில் மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். தமிழில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எளிய, பட்டும் படாத கேள்விகள். மதியம் சோற்றுப் பார்சல் வந்தது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, கருவாடு, தேங்காய்ச் சம்பல். பொலித்தீன் தாளைப் பிரித்து அப்படியே மேசையில் வைத்துத் தின்றோம். எங்கள் பக்கத்தில் குழம்பு, ரசம், மோர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கே எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே குவியலில். நன்றாக இருந்தது. இந்தப் பயணத்தில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஒன்று உறுத்தத் தொடங்கியது. பிரதி திருத்துகிறவனின் காது, பதிலை விடப் பதிலுக்கு முன்னால் வருவதைப் பிடித்துவிடும். விரலை வைப்பதற்கு முன், வீட்டுக்கு வீடு, ஆண் பெண் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எதையோ கேட்டார்கள். "எது நல்லதுங்க?" "மேல காட்டுனா ஒண்ணும் கொறைஞ்சிறாதுங்களே?" ஒருவர் தன் பெயரோடு தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னார். பின்னணியில் ஒரு பெண் குரல் கத்தியது: "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் ஒட்டல? நாங்க என்ன மனுசங்க இல்லையா?"

பிறகு பாக்கியத்தின் பதிவு வந்தது. கொழுந்து பறிக்கும் பெண். கேட்டவர் குகன், அவர் குரலே இருந்தது. தொடக்கத்தில், வீட்டில் யார் யார் என்ற கேள்விக்கு பாக்கியம் இப்படிச் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரரு தெல்தெனியப் பக்கம் கோழிப் பண்ணையில வேலைக்குச் சேந்துட்டாருங்க. ரூமு குடுத்திருக்காங்க. புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நானும் இந்த வாரம் போகப்போறேன். செவுரு வெடிச்சிருக்கு, ஜீ.எஸ். அய்யா எறங்கச் சொல்லிட்டாரு. மேல மண்ணு சரியுமாம்."

ஜீ.எஸ். என்றால் கிராம சேவகர். அந்தப் பகுதிக்கான அரசாங்க அலுவலர்.

பேட்டியின் முடிவில், கதவில் ஸ்டிக்கர் ஒட்டும் சத்தம்.

"தம்பி, இந்த நம்பரு மழையில நனைஞ்சு போயிறாதே?"

"இல்லை அம்மா, நல்ல பசை."

"மறுபடி வருவீங்க. அப்ப நான் இல்லாட்டி?"

"நீங்களே இருந்தாத்தான் நல்லம். வேற ஆள் எண்டால் கணக்கிலை வராது."

"நான் தெல்தெனியா போயிட்டேன்னா?"

குகனின் சிரிப்பு. களப்பணியாளருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் இதமான சிரிப்பு. "மூண்டு கிழமைதானே அம்மா. போகாமல் இருங்கோவன்."

தகரத்தில் மழை.

"சரி சாமி. எங்கயும் போகல."

நான் பதிவை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியில் போட்டேன். இரண்டு பேரும் கேட்டார்கள். குகன் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவதற்குள் தர்ஷினி எழுந்துவிட்டார்.

"ஸ்டிக்கர்" என்றார். "கடவுளே, ஸ்டிக்கர்."

அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. முன்பு ஒரு மழைக்காலத்தில், மண்சரிவு பார்க்க வந்தவர்கள் அந்தத் தோட்டத்தில் ஒரு லயத்துக்கு மட்டும் கதவு கதவாகத் தாள் ஒட்டிப் போனார்கள். தாள் ஒட்டிய வீட்டுக்கெல்லாம், நாள் சென்றாலும், மேட்டுப்பக்கம் தனி வீடு வந்தது. ஒட்டாத வீட்டுக்காரர்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். அன்றிலிருந்து அங்கே கதவில் தாள் என்றால் ஒன்றுதான் பொருள். இது தோட்டத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"லயத்துல பொறந்தவ நான். எனக்கு இது தோணல பாருங்க. பேராதனையில உக்காந்து யோசிச்சேன்" என்றார் தர்ஷினி.

ஆக, விரல்கள் மேலே ஏறியதற்குக் காரணம் பேச்சல்ல. இவர்கள் வீட்டுப் பட்டியலில் பெயர் எழுத வந்தவர்கள் என்று நம்பி, இவர்களுக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று தோட்டத்து ஆட்கள் தேடியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஒரு வீண் நம்பிக்கை, அவ்வளவுதான். பாக்கியம் மட்டும், இறங்கிவிடு என்று சொல்லப்பட்ட மலைச்சரிவில், வெடித்த சுவருக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார். எங்களுக்காகக் காத்திருக்கிறார்.

"மூண்டாம் கிழமை இன்னும் ஆகேல்லை" என்றார் குகன். "நாளைக்கே போய் ரெண்டாவது பேட்டியை முடிச்சுவிடுவம் அக்கா. முடிஞ்சுது, நீங்கள் போகலாம் எண்டு சொல்லிவிடலாம்."

"முடிஞ்சதுன்னா வீடு எப்பன்னு கேப்பாங்க. அப்புறம் வீட்டுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. உண்மையச் சொல்லிட்டு ஸ்டிக்கரக் கிழிச்சிரணும். எல்லா வீட்லயும்."

"அப்ப ஆய்வு?"

"அது செத்துப்போச்சு குகன். அத அப்புறமாப் பொதைக்கலாம். மொதல்ல அந்தம்மாவக் கீழ எறக்கணும்."

மூன்றாம் நாள் காலை ரிஸ்வான் தன் வேனோடு வந்தார். கண்டி முஸ்லிம், குழுவுக்கு வழக்கமாக ஓட்டுகிறவர். கம்பளையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி, பராட்டாவும் பருப்பும் சாப்பிட வைத்தார். குகன் தொடவில்லை. நிலைமையைக் கேட்டுக்கொண்ட ரிஸ்வான், தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"எங்கட கடை முன்னுக்கு எல்லாக் கட்சி நோட்டீசும் ஒட்டுவாங்க சேர். வாப்பா ஒண்டையும் கிழிக்க மாட்டார். கடை பார்க்கச் சரியில்லையே எண்டு கேட்டா, மகன், கிழிச்சா எனக்கு ஒரு அபிப்பிராயம் இரிக்கி எண்டு நினைச்சிடுவாங்க எண்டு சொல்லுவார்."

எல்லோரும் சிரித்தோம். வேனில் ஏறியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

வேனின் வைப்பர் பாதி வழியில் நின்றது. ரிஸ்வான் அதில் ஒரு நாடாவைக் கட்டி, ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். நாவலப்பிட்டி வரை இழுத்துக்கொண்டே போனேன். ஊரைத் தாண்டித் தோட்டத்துப் பாதையில் ஏறினால், இரண்டாவது வளைவில் மண் இறங்கி வழியை மூடியிருந்தது. வேன் போகாது; ரிஸ்வானை அதோடு விட்டுவிட்டு மூவரும் மண்ணை நடந்து தாண்டினோம். மண்ணுக்கு அந்தப் பக்கம், ஆலைக்குக் கொழுந்து கொண்டுபோகும் லொறி கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் ஏறிக்கொள்ளச் சொன்னார். ஈரச் சாக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டு போனோம். இருபுறமும் வாரிவிட்டதுபோல் ஒழுங்கான தேயிலைச் செடிகள். அந்த ஒழுங்குக்குள் அங்கங்கே சிவப்பாகக் கீறல்கள். மலை திறந்துகொண்ட இடங்கள்.

லயத்தில் ஆறு காம்பரா. இரண்டு கதவில் மஞ்சள். நாங்கள் இறங்கியதுமே ஸ்டிக்கர் இல்லாத கதவொன்றிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "நம்பரு வீட்டுக்காரிக்கு விருந்தாளி வந்திருக்காங்க டோய்! இனி நம்ம மொகத்தப் பாப்பாளா அவ?" ஸ்டிக்கர் ஒட்டிய நாளிலிருந்து அவள் வீட்டுக்கும் பாக்கியத்தின் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று பிறகு தெரிந்தது.

பாக்கியம் கதவடியில் நின்றார். நாற்பது வயதுக்குள் இருக்கும். மழையில் மலைக்கு வேலைக்குப் போகாமல், தலை சீவி, வெளுத்த சேலை உடுத்தியிருந்தார். எந்த நாளும் இப்படித்தான் தயாராக இருந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், கதவில், ஸ்டிக்கரின் மேல் கண்ணாடித்தாள் ஒன்றை வைத்து நான்கு மூலையிலும் ஆணி அடித்திருந்தது. ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு.

உள்ளே ஒரே ஒரு கதிரை. அதில் என்னை உட்கார வைத்தார். பின்சுவரில் வெடிப்பு தரையிலிருந்து கூரை வரை ஓடியது. துணியைத் திணித்து அடைத்திருந்தார். அடைக்காத இடத்தில் என் விரல்கள் நான்கும் நுழைந்தன. அந்தப் பக்கம் ஈர மண் பட்டது. தரை சாய்ந்திருந்ததால் கட்டிலின் இரண்டு காலுக்கு அடியில் செங்கல். இத்தனையும் அவர் பார்க்காததல்ல. வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அவரே காட்டினார், "வேற யாருக்கும் இவ்வளவு பெருசா வெடிக்கல மிஸ்" என்று. அதுவும் தன் பக்கத்து நியாயம் என்ற தொனியில்.

சீனியைக் கையில் கொடுத்து, பாலில்லாத சாயத்தேநீர் கொடுத்தார். நாங்கள் குடித்து முடித்ததும் தர்ஷினி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒளிக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னார். இது வீட்டுப் பட்டியல் இல்லை. ஸ்டிக்கருக்கும் வீட்டுக்கும் சம்பந்தமில்லை. தப்பு எங்களுடையது. இன்றைக்கே எங்களோடு கீழே வந்துவிடுங்கள், வேனில் தெல்தெனியாவில் கொண்டு விடுகிறோம்.

பாக்கியம் முழுவதையும் கேட்டார்.

"வெளங்குதுங்க மிஸ்" என்றார். பிறகு, "லிஸ்டுல எம் பேர யாரு வெட்டச் சொன்னது?"

"யாரும் வெட்டலம்மா. லிஸ்டே கெடையாது."

"லிஸ்டு இல்லாம எதுக்கு நம்பரு?"

"திரும்பி வரும்போது உங்க வீட்டக் கண்டுபிடிக்க."

"எதுக்குத் திரும்பி வரணும்?"

"நீங்க மனசு மாத்திக்கிட்டீங்களான்னு பாக்க."

பாக்கியம் சிரித்துவிட்டார். கோபமில்லாத சிரிப்பு. "என் மனசப் பாக்கவா மிஸ், பேராதனையில இருந்து வேன் வச்சுக்கிட்டு வருவீங்க?"

நாங்கள் சொன்னது உண்மை. ஆனால் அந்த அறைக்குள் இருந்து பார்த்தால், அதைவிட நம்ப முடியாத கதை வேறில்லை. இவருடைய மனதில் என்ன இருக்கிறது என்று அறிய, இத்தனை காலத்தில் யார் அந்த மேட்டை ஏறி வந்திருக்கிறார்கள்?

குகன் பாக்கியத்தின் கணவரோடு தொலைபேசியில் பேசினார். மருதை என்று பெயர். சத்தத்தைக் கூட்டி எல்லோரும் கேட்கும்படி வைத்தார். அவர் சொன்னால் பாக்கியம் கேட்பார் என்று நினைத்தோம். குகன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மருதை பேசினார்: "சார், நம்பர மட்டும் எடுத்துறாதீங்க சார். அவ தெரியாம ஏதாச்சும் பேசியிருந்தா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஒரு மாசம்னாலும் அவ இருப்பா சார். புள்ளைய நான் பாத்துக்கிறேன்." பின்னால் கோழிகளின் சத்தம்.

கடைசி முயற்சியாகத் தர்ஷினி என்னைக் காட்டினார். "இந்த ஐயாவக் கேளுங்க. இவருக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பத்திரிகைக்காரரு. இந்தியாவுல இருந்து வந்திருக்காரு."

சொன்னதும் அது தவறு என்று எங்கள் மூவருக்கும் தெரிந்துவிட்டது. வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. ஸ்டிக்கர் இல்லாத வீட்டுக்காரி உள்ளே தலையை நீட்டினாள். "இந்தியாவுல இருந்தே ஆளு வந்திருக்கு. இன்னும் லிஸ்டு இல்லைங்கிறாங்க!" என்றாள். இரண்டு கிழமையாகப் பேசாதிருந்தவள், பாக்கியத்தைப் பார்த்துச் சொன்னாள்: "விட்டுக்குடுத்துறாத அக்கா."

நான் வாயைத் திறந்தேன். முப்பது ஆண்டு பேனா பிடித்தவன். "அம்மா, நான் சும்மா கேட்க வந்தவன்" என்றேன். பாக்கியம் என்னைக் கும்பிட்டார்.

குகன் கதவருகே போய், ஆணியில் கை வைத்தார். பாக்கியம் ஓடிவந்து ஸ்டிக்கரின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். தள்ளவில்லை, திட்டவில்லை. கையை எடுக்கவில்லை, அவ்வளவுதான். குகன் பின்னால் வந்துவிட்டார். நாங்கள் இறங்கும் வழியில் கிராம சேவகரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர், தான் மூன்று முறை சொல்லிவிட்டதாகச் சொன்னார். இதை எழுதும் நாளில் பாக்கியம் அந்த அறையில்தான் இருக்கிறார். குகன் ஒவ்வொரு ஞாயிறும் போய் வருகிறார். குகன் போவதால்தான் பாக்கியம் அங்கே இருக்கிறார் என்று தர்ஷினி சொல்கிறார். போகாமல் இருக்கவும் குகனால் முடியவில்லை.

அன்று லயத்தில், நாங்கள் கிளம்பியபோது, பாக்கியம் வாசலை மறித்து நின்றார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. நான் எங்க தப்பாக் காட்டிப்புட்டேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"தப்பே இல்லம்மா. அதுல சரி, தப்புன்னு ஒண்ணும் கெடையாது."

"அப்புறம் ஏன் வெட்டுறீங்க? அந்த ஏணிய எடுங்க தம்பி."

குகன் அசையவில்லை. அவர் பையின் வாயில் அட்டையின் ஓரம் தெரிந்தது. பாக்கியம் தானே அதை உருவி எடுத்தார். கதிரையின் மேல் வைத்து, சேலைத் தலைப்பால் துடைத்தார். கொழுந்து கிள்ளிக் கறுத்த ஆள்காட்டி விரலை உச்சிப் படியில் வைத்தார். போன தடவை அங்கேதான் வைத்திருந்தார்.

வைத்துவிட்டு எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்தார். நாங்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றோம்.

விரலை ஒரு படி கீழே இறக்கினார். மறுபடி எங்களைப் பார்த்தார்.